இரண்டு பட்டம், ஒரே வரவு: அமெரிக்காவில் இளநிலையையும் முதுநிலையையும் சேர்த்துப் படிக்க வருகிறவர்களுக்கு

விருதுநகரில் அப்பாவுக்குப் பருப்புக் கடை. ஒரு வரவைப் பேரேட்டில் ஒரு இடத்தில்தான் எழுத வேண்டும். அதையே இன்னொரு பேரேட்டிலும் ஏற்றினால் அதற்குப் பெயர் கள்ளக் கணக்கு. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, 38 வயதில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழக அட்வைசர் எதிரில் உட்கார்ந்து, "இந்த நாலு பாடத்தையும் உங்கள் இளநிலைப் பட்டத்திலும் சேர்ப்போம், முதுநிலைப் பட்டத்திலும் சேர்ப்போம்" என்று சொன்னபோது, இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பட்டது.

வில்லங்கம் ஒன்றுமில்லை. இங்கே பல பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே செய்கிற ஏற்பாடு அது. 'ஆக்சிலரேட்டட் மாஸ்டர்ஸ்' என்பார்கள், 'ஃபோர் பிளஸ் ஒன்' என்பார்கள், 'கம்பைண்ட் டிகிரி' என்பார்கள். நான் அப்படிப் படித்தது ஆர்கனைசேஷனல் லீடர்ஷிப், அதாவது நிறுவனங்களில் ஆட்களை வழிநடத்துவது பற்றிய படிப்பு. ஊரில் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணமாகி வந்தவள், சரக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்டுக்கு லீடாக இருந்துகொண்டே இரண்டு பட்டத்தையும் முடித்தேன். போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுப் பெண் ஒரு விளம்பரத் தாளோடு மேலே வந்தாள். "அக்கா, அஞ்சு வருஷத்துல ரெண்டு டிகிரின்னு போட்டிருக்கான். நான் ஊர்லயே பி.காம். முடிச்சவ. மறுபடியும் முதல்லயிருந்தா படிக்கணும்?" அவளுக்கு இரண்டு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது

அமெரிக்கக் கல்லூரியில் எல்லாமே கிரெடிட். செமஸ்டர் முறையில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், முதுநிலைக்கு 30 முதல் 36 வரை. ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். தனித்தனியாகப் படித்தால் 120-ம் 30-ம் சேர்ந்து 150. சேர்த்துப் படிக்கும்போது 9 அல்லது 12 கிரெடிட் அளவுக்கு முதுநிலைப் பாடங்களை இளநிலை மாணவராக இருக்கும்போதே எடுக்க விடுவார்கள். அவை இரண்டு பக்கமும் வரவாகும். 12 கிரெடிட் பொதுவானால் மொத்தம் 138. மிச்சப்படுவது நாலு பாடம், அதாவது ஏறக்குறைய ஒரு செமஸ்டர்.

அவ்வளவுதான் 'ஆக்சிலரேட்டட்' என்ற சொல்லுக்கு உள்ளே இருக்கும் சரக்கு. யாரும் பாடத்தைச் சுருக்கிச் சொல்லித் தருவதில்லை. நாலு பாடம் குறைகிறது, முதுநிலைக்குத் தனியாகப் போட்டி போட்டு விண்ணப்பிக்கும் பாடும் குறைகிறது. முதுநிலையில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வும் பெரும்பாலும் கேட்பதில்லை.

அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. விளம்பரங்கள் இரண்டையும் குழப்பும். 15 வாரப் பாடத்தை 7 அல்லது 8 வாரத்தில் நடத்துவதையும் 'ஆக்சிலரேட்டட்' என்றுதான் போடுவார்கள். அதில் ஒரு கிரெடிட்கூட மிச்சமில்லை, வாரத்துக்கு வேலைதான் இரட்டிப்பு. விளம்பரத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை கிரெடிட் இரண்டு பட்டத்துக்கும் பொது?

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்

எம்பிஏவில் பாதி என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. கணக்குப்பதிவு, நிதி, புள்ளியியல் எல்லாம் இதில் மிகக் குறைவு. மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்து வேலை செய்யும்போது என்ன ஆகிறது என்பதுதான் பாடம்: நிறுவன நடத்தை, சச்சரவைத் தீர்ப்பது, மாற்றத்தைக் கொண்டுவருவது, அறநெறி, குழுக்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை, ஆய்வு முறை, கடைசியில் கேப்ஸ்டோன் என்கிற பெரிய வேலை. அரிசோனா ஸ்டேட், பர்டியூ போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இது இருக்கிறது. ஸ்போகேனில் உள்ள கொன்சாகா போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். எங்கள் கிடங்கில் பார்கோடு படிக்கும் பழைய ஸ்கேன் கன்களை எடுத்துவிட்டு, விரலில் மாட்டும் புதுக் கருவி கொடுத்தார்கள். 12 வருடமாக வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அதை மாட்டவே மாட்டேன் என்றார். மேலாளர் அவரைச் சோம்பேறி என்று எழுதினார். அந்த வாரம் வகுப்பில் கர்ட் லெவின் 1940-களில் சொன்ன மூன்று படி வந்தது: உறைந்து கிடப்பதை முதலில் இளக்கு, பிறகு மாற்று, பிறகு மறுபடி உறைய விடு. நாங்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்திருந்தோம். பெரியவரிடம் போய்க் கேட்டால், அவருக்கு விரலில் வாதம். மோதிரம்கூடப் போட முடியாது. அவருக்கு மணிக்கட்டில் கட்டும் வகை வாங்கிக் கொடுத்தோம், பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. என் கட்டுரைக்கு ஏ மைனஸ் வந்தது; மேற்கோள் எழுதும் முறையில் தப்பாம்.

இங்கே ஒரு பழி வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுகிறேன். 21 வயதில், ஒரு நாள்கூட வேலை பார்க்காமல், தலைமைப் பண்பில் முதுநிலைப் பட்டம் வாங்குவது எனக்கு உவப்பானதாக இல்லை. நேர்காணலில் முதல் கேள்வியே 'யாரை நடத்தியிருக்கிறீர்கள்?' என்றுதான் இருக்கும். ஏற்கெனவே ஒரு கடையிலோ மருத்துவமனையிலோ கிடங்கிலோ நாலு பேரை மேய்த்துக்கொண்டு, பட்டம் இல்லாததால் மேலே ஏற முடியாமல் நிற்பவருக்குத்தான் இது அளவெடுத்துத் தைத்த சட்டை. சின்ன வயதுக்காரர்கள் வேறு ஏதாவது ஒரு தொழில் பாடத்தோடு இதை இரண்டாவது பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்

கல்லூரியைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள்.

எச்-4-இல், அதாவது எச்-1பி-யில் வேலை செய்பவரின் கணவன் அல்லது மனைவி விசாவில், இருப்பவர் விசா மாற்றாமலே படிக்கலாம். பகுதி நேரமாகவும் படிக்கலாம், ஆன்லைனிலும் படிக்கலாம். அரசாங்கப் பண உதவி மட்டும் கிடையாது. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் அதுவும் உண்டு.

எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வருகிறவருக்குச் சட்டதிட்டம் அதிகம். இளநிலையில் செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். முழுநேரக் கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும், ஆகவே முழுக்க ஆன்லைனில் நடக்கும் திட்டங்கள் இவர்களுக்கு உதவாது. படித்த துறையிலேயே கொஞ்ச காலம் வேலை பார்க்க மாணவர்களுக்குக் கொடுக்கும் அனுமதிக்கு ஓபிடி என்று பெயர்; அதில் இரண்டு இடறல் உண்டு. ஒன்று, ஆர்கனைசேஷனல் லீடர்ஷிப் ஸ்டெம் பட்டியலில், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளின் பட்டியலில் இல்லை. 12 மாதம் முடிந்தால் 24 மாத நீட்டிப்பு கிடைக்காது. இரண்டு, ஓபிடி ஒவ்வொரு பட்ட நிலைக்கும் ஒருமுறை. சில பல்கலைக்கழகங்கள் இளநிலைப் பட்டத்தைத் தனியாக முதலில் கொடுத்துவிடும், சில இரண்டையும் கடைசியில் ஒன்றாகக் கொடுக்கும். ஒன்றாக வாங்கினால் இளநிலைக்கான ஓபிடியைக் கோட்டைவிடும்படி ஆகலாம். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இதைச் சேருவதற்கு முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஊர் மதிப்பெண் பட்டியலை வெளியே எடுங்கள்

பரணில் கிடக்கும் மார்க் ஷீட் இங்கே காசு. டபிள்யூஇஎஸ், இசிஇ போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் இந்தியப் படிப்பைப் பாடம் பாடமாக அமெரிக்கக் கிரெடிட்டாக மாற்றி அறிக்கை தரும். பாடவாரியான அறிக்கை கேளுங்கள். மொத்தமாக 'இதற்குச் சமம்' என்று ஒரு வரி எழுதித் தரும் மலிவு அறிக்கை கிரெடிட் மாற்றத்துக்குப் பயன்படாது. எந்த நிறுவனத்தின் அறிக்கையை உங்கள் கல்லூரி ஏற்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முடிக்காத படிப்புக்கும் மதிப்பு உண்டு. நான் விட்டுவிட்டு வந்த இன்ஜினியரிங்கின் நாலு செமஸ்டரில், கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் இங்கே பொதுக்கல்விப் பாடங்களாகச் சேர்ந்தன. அரியர் வைத்த பாடத்தைக் கேட்பாரில்லை, தேறியது மட்டும் வந்தது.

மூன்று வருடப் பட்டம் வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பி.காம்., பி.எஸ்சி. பட்டங்களைச் சில மதிப்பீடுகள் அமெரிக்க இளநிலைக்குச் சமம் என்னும், சில மூன்று வருடப் படிப்பு மட்டுமே என்னும். படித்த கல்லூரிக்கு இந்தியாவின் தர மதிப்பீட்டு அமைப்பான நாக் கொடுத்த தரத்தையும் பார்க்கிறார்கள். சமம் என்று வந்தால் இந்த இரட்டைப் பட்டத் திட்டமே உங்களுக்குத் தேவையில்லை. நேரே முதுநிலைக்கு விண்ணப்பித்து 30 கிரெடிட்டில் வேலையை முடித்துவிடலாம். கீழ்வீட்டுப் பெண்ணிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். விளம்பரத் தாளை அனுப்பிய கல்லூரி அதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு 138 கிரெடிட் விற்க வேண்டும்.

சமம் இல்லை என்று வந்தாலும் நட்டமில்லை. பெல் கிராண்ட் என்கிற, திருப்பித் தர வேண்டாத அரசு உதவித்தொகை, இளநிலைப் பட்டம் ஏற்கெனவே வாங்கியவருக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பட்டமும் அதில் கணக்கு. ஆனால் உங்கள் பட்டம் அமெரிக்க இளநிலைக்குச் சமமல்ல என்று எழுத்தில் சான்று காட்டினால், கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் உங்களைத் தகுதியுள்ளவராக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியைக் கேட்காமல் விட்டு ஆயிரக்கணக்கில் இழக்கிறார்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய தலைவலி: பெயர். மார்க் ஷீட்டில் 'கே. செல்வி', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஒட்டியிருக்கும். மூன்றும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து மூடிய உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வர வைப்பதற்கு ஊரில் யாராவது நடையாய் நடக்க வேண்டும். என் தம்பி நடந்தான். அவனுக்கு ஒரு ஐபோன் கடன் இன்னும் பாக்கி.

மூன்றாம் படி: மலிவான கிரெடிட்டை முதலில் சேருங்கள்

120-இல் ஏறக்குறைய முதல் பாதி பொதுக்கல்வி. அதைப் பெரிய பல்கலைக்கழக விலையில் வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், ஒரு கிரெடிட்டின் விலை அதில் ஒரு சிறு பங்குதான். காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வுகள் இன்னும் மலிவு: 90 நிமிடத் தேர்வு, 80-க்கு 50 எடுத்தால் பெரும்பாலான இடங்களில் 3 கிரெடிட். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பு இலவசமாகப் பாடமும் நடத்தி, முடித்தவருக்குத் தேர்வுக் கட்டணத்தையும் கட்டுகிறது. நான் சமூகவியலை அப்படித்தான் முடித்தேன், மூன்று வாரத்தில்.

அதற்காக எல்லாவற்றையும் வெளியில் வாங்கிவிட முடியாது. கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டுக்கு 60, 70 என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். கடைசி 30 கிரெடிட்டாவது பட்டம் தருகிற இடத்திலேயே படித்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. மேல்நிலைப் பாடங்கள், அதாவது 300, 400 எண்ணில் தொடங்குபவை, குறிப்பிட்ட அளவு வேண்டும். வெளியில் வாங்கிய மதிப்பெண் பொதுவாக ஜிபிஏவில், அதாவது நாலுக்கு இத்தனை என்று போடும் சராசரியில், சேராது. கிரெடிட் மட்டும் வரும். முதுநிலைத் திட்டத்தில் சேர்க்கும்போது பார்க்கிற ஜிபிஏவை அந்தப் பல்கலைக்கழகத்தில் எடுக்கிற பாடங்கள்தான் தீர்மானிக்கும் என்பதால், முதல் செமஸ்டரில் கடினமான பாடத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: கல்லூரியைச் சோதியுங்கள்

அங்கீகாரம் முதலில். ஹையர் லேர்னிங் கமிஷன், மிடில் ஸ்டேட்ஸ் கமிஷன் போன்ற வட்டார அமைப்புகளின் அங்கீகாரம் இருந்தால் மற்றக் கல்லூரிகளும் வேலை தருகிறவர்களும் தயங்காமல் ஏற்பார்கள். கல்லூரியின் சொந்த இணையப் பக்கத்தை நம்பாமல் அமெரிக்கக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

அதுவும் போதாது என்பதற்கு ஒரு கதை உண்டு. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருந்தது, மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் கொடுத்தது, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். 2019 ஜனவரியில்தான் தெரிந்தது, அதை நடத்தியதே குடிவரவுத் துறை, விசா மோசடியைப் பிடிக்க வைத்த பொறி என்று. அங்கே வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஆகவே பட்டியலைப் பார்த்த பிறகு, ஒரு பேராசிரியரின் பெயரைக் கேளுங்கள், ஒரு பாடத்தின் சிலபஸைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

பிறகு அட்வைசரிடம் இவற்றைக் கேளுங்கள். எந்தெந்தப் பாட எண்கள் பொதுவாகும்? அவற்றில் பி கிரேடுக்குக் கீழே வந்தால் என்ன ஆகும்? முதுநிலை வேண்டாம் என்று நடுவில் நின்றால் இளநிலைப் பட்டத்துக்கு அந்தப் பாடங்கள் செல்லுமா? (பெரும்பாலும் செல்லும், ஆனாலும் கேளுங்கள்.) நான் எந்தத் தேதியிலிருந்து முதுநிலை மாணவராகக் கணக்கில் வருவேன்? கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்தால், யோசிக்க விடுங்கள். பணம் முழுக்க அந்தத் தேதியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

ஐந்தாம் படி: அனுமதிக் கடிதம் வரும் வரை பொறுங்கள்

பள்ளி முடித்ததுமே நேராக ஐந்து வருடத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. பெரும்பாலான இடங்களில் 60 முதல் 90 கிரெடிட் முடித்த பிறகு, அதாவது மூன்றாம் ஆண்டில், தனியாக ஒரு விண்ணப்பம் போட வேண்டும். ஜிபிஏ 3.0 இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். ஒரு கட்டுரை, இரண்டு பரிந்துரைக் கடிதம். வேலை செய்கிறவர்கள் ஒரு கடிதத்தை மேற்பார்வையாளரிடம் வாங்கலாம். பேராசிரியர் எழுதும் கடிதத்தைவிட என் ஷிஃப்ட் மேலாளர் எழுதிய ஒரு பக்கம்தான் எடுபட்டது என்று பிறகு தெரிந்தது.

நான் அடிபட்டது இந்தப் படியில்தான். விண்ணப்பம் போட்டிருந்தேன், முடிவு வரவில்லை. அந்த ஜனவரியில் மாற்ற மேலாண்மை என்ற முதுநிலைப் பாடத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. பேராசிரியர் சரி என்றார், பதிவு செய்யும் கணினியும் தடுக்கவில்லை. எடுத்துப் படித்தேன், ஏ வாங்கினேன். திட்டத்தில் சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் மே மாதம் வந்தது. அடுத்த வாரம் டிகிரி ஆடிட்டை, அதாவது எந்தப் பாடம் எந்தப் பட்டத்தில் சேர்ந்தது என்று கல்லூரி காட்டும் பட்டியலை, அச்செடுத்துப் பார்த்தால், முதுநிலைப் பக்கத்தில் அந்தப் பாடத்துக்கு நேரே வெறும் கோடு. அனுமதித் தேதிக்கு முன்னால் எடுத்த பாடம் இரண்டு பக்கமும் வரவாகாதாம். விதி மாணவர் கையேட்டில் இருந்தது, சொல்லத்தான் யாரும் இல்லை. அட்வைசர் வருத்தம் தெரிவித்தார். இன்னொரு பாடத்துக்குக் கைக்காசு போட்டேன்.

அன்றுதான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அப்பா பாணியில் நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் இளநிலை, வலது பக்கம் முதுநிலை. ஒவ்வொரு பாடத்துக்கும் எண், கிரெடிட், எடுத்த செமஸ்டர், அது எந்தப் பக்கம் செல்லும், அப்படிச் சொன்னவர் யார், எந்தத் தேதி மின்னஞ்சல். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் கல்லூரியின் டிகிரி ஆடிட்டை அச்செடுத்து நோட்டோடு ஒத்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை ஆடிட்டில் தப்பு இருந்தது, இரண்டு முறையும் மின்னஞ்சலைக் காட்டித் திருத்தினேன்.

ஆறாம் படி: பணம்

பல அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுநேர இளநிலை மாணவருக்கு 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். அந்த அடைப்புக்குள் எடுக்கும் முதுநிலைப் பாடத்துக்குத் தனியாகக் காசு இல்லை. முதுநிலை மாணவராக மாறிய மறுநாள், அதே பாடத்துக்கு முதுநிலை விலை. எனவே பொதுப் பாடங்கள் அத்தனையையும் இளநிலை மாணவராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பகுதி நேரமாகப் படித்தால் இந்த லாபம் பெரும்பாலும் கிடைக்காது, கிரெடிட்டுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள்.

அரசு உதவிக்கு ஃபாஃப்ஸா படிவம். அதை நிரப்பக் காசு கிடையாது. காசு கேட்கிறவன் இடைத்தரகன். பெல் கிராண்ட் 2025-26-இல் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். இளநிலைப் பட்டம் கைக்கு வந்த அன்றோடு அது நின்றுவிடும். கல்லூரியின் சொந்த உதவித்தொகைகளும் பெரும்பாலும் எட்டு செமஸ்டரோடு முடியும். முதுநிலைக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் வரை, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அதற்கு மேல் தேவைப்பட்டவர்கள் வாங்கிவந்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது.

வேலையில் இருப்பவர்களுக்கு நல்ல வழி முதலாளிதான். நிறுவனம் தருகிற கல்வி உதவியில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வரி கிடையாது, முதுநிலைக்கும் சேர்த்துத்தான். செமஸ்டர் கட்டணத்தை டிசம்பரிலும் ஜனவரியிலுமாகப் பிரித்துக் கட்ட முடிந்தால் இரண்டு ஆண்டின் வரம்பையும் பயன்படுத்தலாம். எந்தத் தேதியில் பணம் போகிறது என்பது மனிதவளப் பிரிவில் கேட்டால் தெரியும். படிப்பு முடிந்து இத்தனை மாதம் வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டார்பக்ஸ் 2014-லிருந்து தன் ஊழியர்களுக்கு அரிசோனா ஸ்டேட் ஆன்லைனில் கட்டணம் ஏற்கும் திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் அது முதல் இளநிலைப் பட்டத்துக்கு. முதுநிலைப் பக்கம் யார் கணக்கில் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: எட்டு வாரத்தைத் தாக்குப்பிடிப்பது

3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 3 மணி நேர வகுப்பு, அதற்கு இரண்டு மடங்கு வீட்டுவேலை என்பதுதான் இங்குள்ள கிரெடிட்டின் இலக்கணம். 15 வாரத்துக்கு 135 மணி நேரம். அதையே 8 வாரத்தில் நசுக்கினால் வாரத்துக்கு 17 மணி. இரண்டு பாடம் எடுத்தால் 34, அது இன்னொரு வேலை. முழுநேர வேலையும் வீடும் இருப்பவர் ஒரு நேரத்தில் ஒரு பாடம் எடுப்பதே புத்திசாலித்தனம். எட்டு வாரம் முடிந்ததும் அடுத்தது, இப்படி வருடம் ஐந்தாறு பாடம் நகரும்.

ஆன்லைன் வகுப்பின் நடைமுறை எங்கும் ஒரே அச்சு. புதன் அல்லது வியாழனுக்குள் விவாதப் பலகையில் முதல் பதிவு, ஞாயிறு இரவு 11:59-க்குள் மற்றவர்களுக்கு இரண்டு பதில், கூடவே ஒரு கட்டுரை. எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு என்றாலே சமையலறை மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் மறுநாள் இட்லிக்குப் பொங்கிக்கொண்டிருக்கும் மாவு. 11:52-க்கு வைஃபை போன ஒரு ராத்திரியில், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அனுப்பி முடித்தேன். அதிலிருந்து சனிக்கிழமையே அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

முதுநிலைப் பாடத்தில் இரண்டு மாற்றம் தெரியும். இளநிலையில் பாடத்தைப் புரிந்துகொண்டதாகக் காட்டினால் போதும்; இங்கே அதை மறுத்துப் பேசு என்பார்கள். "ஆசிரியர் சொன்னால் சரிதான்" என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கூச்சம்தான். சேவகனே நல்ல தலைவனாகிறான் என்று 1970-இல் எழுதிய ராபர்ட் கிரீன்லீஃப், ஏடி அண்ட் டி நிறுவனத்தில் நெடுநாள் மேலாண்மைப் பக்கம் இருந்தவர். சேவகம் என்பது விருப்பமாக இருப்பவனுக்கும் விதியாக வாய்த்தவனுக்கும் ஒன்றல்ல, எங்கள் கிடங்கில் யாரும் தலைவனாவதற்காகச் சேவகம் செய்யவில்லை என்று எழுதினேன். பேராசிரியர் அதை வகுப்பு முழுக்க விவாதத்துக்கு வைத்தார்.

மற்றது மேற்கோள் முறை. ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை, ஏழாம் பதிப்பு. முதல் வாரத்திலேயே கல்லூரியின் எழுத்து உதவி மையத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஏஐ கருவி பயன்படுத்தலாமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், சிலபஸில் எழுதியிருக்கும். கேப்ஸ்டோனுக்கு உடன் வேலை செய்கிறவர்களைப் பேட்டி காண்பதாக இருந்தால், ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டுமா என்று ஒரு செமஸ்டர் முன்பே கேளுங்கள்.

முடியவில்லை என்றால் பாடத்தைக் கைவிடுவதற்கும் தேதி பார்க்க வேண்டும். அரசு உதவி வாங்கியவர் ஒரு பருவத்தின் 60 சதவீதத்துக்கு முன்னால் எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டால் பணத்தில் ஒரு பகுதி திரும்பப் போகும், அதைக் கல்லூரி உங்களிடம் கேட்கும். எட்டு வாரப் பாடத்தில் அந்தக் கோடு ஐந்தாம் வாரத்தின் முடிவுக்குச் சற்று முன்னால் வருகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும்.

எட்டாம் படி: பட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்

120 கிரெடிட் முடிந்தால் பட்டம் தானாக வராது. விண்ணப்பிக்க வேண்டும், பல இடங்களில் கட்டணமும் உண்டு. சேர்த்துப் படித்தாலும் இரண்டு பட்டத்துக்கும் தனித்தனி விண்ணப்பம். கடைசித் தேதி பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். இளநிலைப் பட்டம் எப்போது பதிவாகிறது என்பதில் முன்பே சொன்ன பெல், ஓபிடி, கட்டண மாற்றம் எல்லாம் தொங்கிக்கொண்டிருப்பதால், அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

வேலைக்குப் பட்டத்தோடு ஒரு சான்றிதழையும் சேர்த்துக்கொள்வது நல்லது. மனிதவளத்துக்குப் போகிறவர்கள் ஷெர்ம் (SHRM) என்கிற மனிதவளச் சங்கத்தின் தேர்வு எழுதுகிறார்கள். ப்ராஜெக்ட் பக்கம் போனால், ப்ராஜெக்ட் மேலாளர்களுக்கான பிஎம்பி. நாலு வருடப் பட்டம் இல்லாதவரிடம் 60 மாத அனுபவம் கேட்கிற அந்தத் தேர்வு, பட்டம் உள்ளவரிடம் 36 மாதம்தான் கேட்கிறது. நான் பிஎம்பியைப் பிடித்தேன்.

விண்ணப்பப் படிவத்தில் பட்டத் தாளில் பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான இடங்களில் உங்கள் விருப்பப்படி எழுதலாம், ஆனால் ஊரில் காட்டப் போகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நான் முதல் விண்ணப்பத்தில் அவசரத்தில் இனிஷியலோடு எழுதிவிட்டு, இரண்டாவதில் அப்பா பெயரை முழுசாக எழுதினேன். இப்போது சுவரில் இரண்டு பட்டமும் இரண்டு பெயரில் தொங்குகின்றன. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் புதுத் தாளுக்குத் தனிக் கட்டணமாம்.